சுங்கை சிப்புட்டில் வீட்டுக்கு ஒரு சோலார் பேட்டரி

பில் குறையும் என்று நம்பி பேட்டரி வாங்க நினைப்பவர்கள் முதலில் போன மாதத்து மின் கட்டண பில்லை எடுத்துப் பாருங்கள். மலேசியாவில் 2025 ஜூலை 1-இல் வந்த புதிய கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட்டின் எரிசக்திக் கட்டணம் 27.03 காசு. அதோடு சேர்த்து கொள்ளளவுக் கட்டணம் 4.55 காசு, கட்டமைப்புக் கட்டணம் 12.85 காசு. ஆக மொத்தம் 44 காசு சொச்சம். பகலில் கூரையில் கிடைத்து, நமக்குத் தேவைப்படாமல் வெளியே போகும் யூனிட்டுக்கு, 2026 ஜனவரியில் தொடங்கிய சோலார் ஏடாப் திட்டத்தில் எரிசக்திக் கட்டண அளவுக்குத்தான் ஈடு. அதை வெளியே விடாமல் பேட்டரியில் பிடித்து வைத்து இரவில் பயன்படுத்தினால் யூனிட்டுக்கு மிச்சம் 17 காசு. தினம் 4 யூனிட் என்றால் 70 காசு. வருஷம் முழுக்க ஒரு நாள் விடாமல் சேர்த்தாலும் 250 வெள்ளிதான் தேறும். பேட்டரியோ பல ஆயிரம் வெள்ளி.

நேரத்துக்கு ஏற்ற கட்டண முறைக்கு மாறினால் லாபம் என்றும் சிலர் சொல்கிறார்கள். வேலை நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை 28.52 காசு, மற்ற நேரத்தில் 24.43 காசு. இடையில் நாலு காசு. இதற்காகப் பேட்டரி வாங்குவதில் அர்த்தமே இல்லை. 2025 ஜூன் 30-இல் மூடப்பட்ட பழைய நெம் திட்டத்தில் சேர்ந்து, யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்ளும் வீடுகளுக்கு இன்னும் மோசம். வெளியே விட்ட யூனிட் முழுசாகத் திரும்பி வரும்போது அதை எதற்குப் பெட்டியில் பூட்ட வேண்டும்?

எங்களுக்குக் காரணம் வேறு. அம்மாவுக்கு நுரையீரல் பலவீனம். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓடுகிறது. எங்கள் தாமான் குடியிருப்பு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலானால் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து இடியும் மழையுமாகக் கொட்டும். ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும், தெருவே இருட்டு. பெரும்பாலும் சீக்கிரம் கரண்ட் வந்துவிடும். சில நாள் ராத்திரி வரை வராது. அந்தச் சில நாளுக்காகத்தான் இத்தனை செலவும்.

ஜெனரேட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்தது என்றார் அண்ணன். நான் செம்பனை எண்ணெய் ஆலையில் இன்ஜின் ரூமில் வேலை செய்கிறவன், ஜெனரேட்டர் எனக்குப் புதிதில்லை. மூச்சுக்குச் சிரமப்படும் ஒருவர் படுத்திருக்கும் ஜன்னல் பக்கம் பெட்ரோல் புகை விடும் இயந்திரத்தை வைக்க மனசு வரவில்லை. மழை நேரத்தில் அதை வீட்டுக்குள் இழுத்து ஓட்டி, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடால் உயிரை விட்டவர்களும் உண்டு.

கூரையில் பேனல் இருந்தால் கரண்ட் போனாலும் விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண சோலார் அமைப்பில் எரியாது. வெளியே கரண்ட் நின்றதும் இன்வர்ட்டரும் தானாக நின்றுவிடும். அப்படித்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நம் கூரையிலிருந்து போகும் மின்சாரம், கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஆளைத் தாக்கிவிடும். கரண்ட் இல்லாத நேரத்தில் வீடு ஓட வேண்டுமென்றால் பேனலையும் பேட்டரியையும் சேர்த்து ஓட்டும் ஹைப்ரிட் இன்வர்ட்டர், பேட்டரி, வெளிக்கம்பியிலிருந்து முழுவதும் பிரிந்து நிற்கும் தனி பேக்கப் போர்டு ஆகிய மூன்றும் வேண்டும். ஜெனரேட்டர் ஒயரையோ இன்வர்ட்டர் ஒயரையோ சுவர் பிளக்கில் செருகி வீட்டை ஓட்டும் பழக்கம் தோட்டத்து லயங்களில் இன்னும் இருக்கிறது. அதை நான் எங்கே பார்த்தாலும் சண்டை போடுவேன்.

அந்த பேக்கப் போர்டில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் பாதி வேலை. அம்மாவின் இயந்திரம் 350 வாட். ஆறு மணி நேரத்துக்கு 2.1 யூனிட். இரண்டு காற்றாடி, ஆளுக்கு 60 வாட்டில், முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே. குளிர்சாதனப் பெட்டிக்குக் கால் யூனிட்டுக்கு மேல், எல்இடி விளக்குகளுக்கும் வைஃபைக்கும் இன்னொரு கால் யூனிட் சொச்சம். கூட்டினால் 3.4 யூனிட். எங்கள் பேட்டரி 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி. பெருக்கினால் 5.12 யூனிட். பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு இது, கையில் கிடைப்பது குறைவு. எண்பது சதவீதம் எடுத்து, இன்வர்ட்டரில் போகும் நஷ்டம் பத்து சதவீதம் கழித்தால் 3.7 யூனிட். ஆறு மணி நேரத்துக்கு இழுத்துப் பிடித்தாற்போல் போதும். வாட்டர் ஹீட்டர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஏர்கான் எதுவும் அந்தப் போர்டில் இல்லை. மாவு கிரைண்டரைச் சேர்க்கவில்லை என்று வீட்டில் கொஞ்சநாள் மனத்தாங்கல். மோட்டார் கிளம்பும்போது சாதாரணமாக இழுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும் என்று விளக்கிப் பார்த்தேன். இடி இடிக்கும் நேரத்தில் யார் மாவு ஆட்டப் போகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் சமாதானம் ஆனது.

வீட்டில் மருத்துவ இயந்திரம் ஓடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்வர்ட்டர் சுத்தமான சைன் அலை தருவதாக இருக்க வேண்டும். கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் இயந்திரம் நிற்கிறதா, தானாகத் தொடர்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எங்களுடையது ஒரு தடவை பீப் அடித்துவிட்டுத் தொடர்ந்து ஓடியது. பேட்டரி வந்துவிட்டதே என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். சிலிண்டரும் பேட்டரியும் ஒரே அறையில் இருக்கவும் கூடாது. சாமி விளக்கும் அம்மா அறையை விட்டு முன்கூடத்துக்குப் போய்விட்டது. ஆக்சிஜன் ஓடும் அறையில் தீபம் ஏற்றக் கூடாது.

பேட்டரி வகை பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. வீட்டுக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட்தான். பழைய ஈய அமில பேட்டரி விலை குறைவு, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும். பழைய மின்சாரக் காடியிலிருந்து கழற்றிய செல்களை வாங்கி வீட்டிலேயே கட்டலாம் என்று காணொளி பார்த்துக் கிளம்புகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அந்தச் செல்கள் பல நேரம் வேறு ரசாயனம், சூடேறினால் கட்டுக்குள் நிற்காது. எந்தக் காடி எப்படி மோதி எந்தச் செல் உள்ளே அடிபட்டது என்பதும் யாருக்கும் தெரியாது. பலகைச் சுவர் வீட்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

எங்கே வைப்பது? விற்க வந்த தம்பி, அம்மா அறைக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்டோரைக் காட்டி, ஒயர் நீளம் மிச்சமாகும் என்றார். படுக்கை அறைக்குப் பக்கத்திலும், வெளியேறும் வழியிலும், மாடிப்படிக்குக் கீழேயும், சமையல் கேஸ் தோம்புக்கு அருகிலும் பேட்டரி வரக் கூடாது. தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் நினைத்தே பார்க்காதீர்கள். நண்பகலில் அங்கே கை வைக்க முடியாது, நம் ஊரில் லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்பது அந்தச் சூடுதான். எங்கள் வீடு பாதி செங்கல், பாதி பலகை. பின்பக்கம் வெயில் படாத செங்கல் சுவரில், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், சாரல் அடிக்காமல் தகரம் இறக்கி, சுற்றிலும் காற்றோட இடம் விட்டு மாட்டினோம். ஒயர் நீளம் கூடியது. கூடட்டும் என்றேன்.

இனி ஒயர் விஷயம். நல்ல பேட்டரி வாங்கியவர்களும் சறுக்குவது இந்த இடத்தில்தான். 5 கிலோவாட் இன்வர்ட்டர் முழு மூச்சாக ஓடினால் பேட்டரிப் பக்கம் 100 ஆம்பியருக்கு மேலேயே பாயும். ஒரு முழு வீட்டின் மெயின் சுவிட்சே சாதாரணமாக 60, 63 ஆம்பியர்தான். அதனால் 35 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் போட்டோம். அதன் நுனியில் வரும் உலோக முனையான லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்கக் கூடாது, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். எங்கள் வயர்மேன் அண்ணன் ஒவ்வொரு லக்கையும் அழுத்தியதும் காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு கேபிளை இழுத்துப் பார்த்தார். அப்புறம் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, நட்டின் மேல் தொடங்கித் தகட்டின் மேல் முடியும்படி சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோடு ரெண்டா உடைஞ்சிருந்தா நட்டு இளகிடுச்சுன்னு அர்த்தம் தம்பி, உடனே எனக்குப் போன் போடு" என்றார். இளகிய நட்டு சூடேறும், சூடேறினால் இன்னும் இளகும், கடைசியில் பிளாஸ்டிக் உருகும். பெரிய சுமை ஓடும்போது அகச்சிவப்பு வெப்பமானியால் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கிறேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அதில் ஏதோ இருக்கிறது.

ஃபியூஸில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். லித்தியம் பேட்டரியின் இரு முனைகளும் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். காடிக் கடையில் கிடைக்கும் ஃபியூஸ் உருகினாலும் அதன் நடுவில் தீப்பொறி நின்று எரிந்துகொண்டே இருக்கலாம். டி வகை (Class T) ஃபியூஸ் 20,000 ஆம்பியர் வரை அறுத்து நிறுத்தும். அதைப் பேட்டரி முனைக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். பிரேக்கரும் அப்படித்தான். வீட்டு ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அப்போது பொறி தானாக அணையும். பேட்டரியிலிருந்து வரும் டிசி மின்சாரம் அப்படித் தொடுவதில்லை. சாதாரண ஏசி பிரேக்கரை டிசியில் போட்டால் அது அறுக்கும்போதே எரிந்துவிடலாம். டிசி பிரேக்கரிலும் சிலவற்றில் கூட்டல், கழித்தல் குறி இருக்கும். திசை மாற்றி மாட்டினால் அதே கதி.

கூரையில் ஆறு பேனல், ஆளுக்கு 550 வாட். எல்லாம் தொடராக இணைந்து வெயிலில் 300 வோல்ட் வரை நிற்கும். பேனலையே அணைக்கும் சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் இருக்கும்வரை உயிர் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஒரு கம்பெனியின் ஆண் பிளக்கை வேறு கம்பெனியின் பெண் பிளக்கில் செருகவும் வேண்டாம். பொருந்துவது போலத்தான் இருக்கும், உள்ளே சரியாகத் தொடாமல் நாளாக ஆகச் சூடேறும். பழைய தோட்டத்து வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இன்னும் இருக்கிறது. அதில் துளை போட்டால் வரும் தூசு நுரையீரலுக்கு விஷம், அந்தக் கூரையைத் தொடவே கூடாது. தகரக் கூரை என்றால் கீழே இருக்கும் மரச்சட்டத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்று குத்திப் பார்த்துவிட்டுத்தான் பேனல் ஏற்ற வேண்டும். சாய்வு பத்து டிகிரியாவது இருந்தால் மழையே கழுவிவிடும்.

இப்போது சொல்லப் போவதைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. கரண்ட் இருக்கும்போது நியூட்ரல் வெளியே மின்வாரியத்தின் பக்கம் மண்ணோடு இணைந்திருக்கும். ஏதாவது கசிந்தால் அந்த மின்சாரம் மண் வழியாகத் திரும்பிப் போகும், போனதும் வருவதும் ஒத்துப்போகாததைப் பார்த்து, கசிவு வந்தால் அறுக்கும் சுவிட்சான ஆர்சிசிபி விழுந்து நம்மைக் காப்பாற்றும். கரண்ட் போய், இன்வர்ட்டர் வெளித்தொடர்பை அறுத்துக்கொண்டதும் அந்தத் திரும்பும் வழியும் அறுந்துவிடுகிறது. நியூட்ரல் அந்தரத்தில் நிற்கும். அப்போது ஆர்சிசிபி போர்டில் அழகாக உட்கார்ந்திருக்கும், ஆனால் விழவேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். அதனால் பேக்கப்பில் ஓடும்போது மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, கரண்ட் திரும்பியதும் பிரித்துவிடும் ரிலே வேண்டும். சில இன்வர்ட்டர்களில் உள்ளேயே இருக்கிறது, சிலவற்றில் தனியாகப் போட வேண்டும், சிலவற்றில் மெனுவில் போய் இயக்க வேண்டும்.

நான் மெயினை அணைத்துவிட்டு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், டக்கென்று விழுந்தது. "சரியா இருக்கே அண்ணே" என்றேன். வயர்மேன் அண்ணன் சிரித்தார். "அந்தப் பட்டன் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல தன்னைத்தானே சோதிச்சுக்கும் தம்பி. எர்த்து இருக்கா, அந்துபோச்சான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றபடி பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, பேக்கப் பிளக்கில் செருகி, லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் சோதித்தார். விழுந்தது. அதன் பிறகுதான் தாளில் எழுதினார். உங்கள் வீட்டிலும் கரண்ட் இல்லாத நிலையில் இந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். டெஸ்டர் கொண்டு வராத ஆளிடம் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைப்படி வேலை முடிந்ததற்கு ஜி பாரம், சோதனைக்கு எச் பாரம். இரண்டின் நகலும் கையில் இருக்கட்டும். வீட்டுக்குத் தீ காப்புறுதி எடுத்திருந்தால் பேட்டரி வைத்ததை அவர்களுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு பெரிய வேலை இல்லை. இன்வர்ட்டரில் பேட்டரி வகை லித்தியம் என்று இருக்கிறதா, செல்களைக் கண்காணிக்கும் பேட்டரியின் பிஎம்எஸ்ஸோடு பேசும் கேபிள் செருகியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ஈய அமிலம் என்று தவறாக வைத்துவிட்டால், சமன்செய்யும் சார்ஜ் என்று சொல்லி அளவுக்கு மீறி வோல்டேஜ் ஏற்றும். பதினாறு செல் அடுக்குக்கு 56 வோல்ட் போதும், அதாவது செல்லுக்கு 3.5. வோல்டேஜை மட்டும் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று ஊகிக்க முடியாது, இந்த வகை பேட்டரியில் நடுப்பகுதி முழுக்க வோல்டேஜ் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதனால் அவ்வப்போது நூறு சதவீதம் நிரம்ப விட்டால் செல்களும் சமமாகும், சதவீதக் கணக்கும் திருந்தும். இடிமழை மாதங்களில், கரண்ட் இருக்கும்போது 70 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி பூட்டி வைக்கிறோம். அந்த நாள்களில் அது பில்லுக்கு உழைக்காது. அது உட்கார்ந்திருக்கவே வாங்கியது.

மின்னல் ஊர் என்பதால் சர்ஜ் தடுப்பான் கூரைப் பக்கமும் வேண்டும், வீட்டுப் பக்கமும் வேண்டும். அதில் சின்ன ஜன்னல் இருக்கும், பச்சை இருந்தால் நலம், சிவப்பு ஆனால் மாற்ற வேண்டும். பலத்த இடிக்கு மறுநாள் காலையில் அதைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அப்புறம் பல்லி, எறும்பு. வெதுவெதுப்பான இடம் என்று இன்வர்ட்டருக்குள்ளும், இணைப்பைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் பெட்டிக்குள்ளும் குடி வந்து, இரண்டு முனைகளுக்கு நடுவில் செத்துக் கிடக்கும். கேபிள் நுழையும் ஓட்டைகளை கிளாண்ட் போட்டு அடையுங்கள், கிளாண்ட் கீழே பார்த்து இருக்கட்டும், மழைநீரும் இறங்காது.

பேட்டரியிலிருந்து புகையோ இனிப்பான ரசாயன வாடையோ வந்தால் பெட்டியைத் திறக்காதீர்கள். போகிற வழியில் கைக்கு எட்டினால் சுவிட்சை அணையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிட்டு எல்லோரும் வெளியே. 999-க்கு அழைத்து, லித்தியம் பேட்டரி இருக்கிறது, கூரையில் பேனல் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். அந்தப் புகை விஷம், தீப்பிடிக்கவும் கூடியது. பவுடர் அணைப்பான் ஒயரில் பற்றிய தீயை அடக்கும், செல்லுக்குள் மூண்டதை அடக்காது, அணைந்த மாதிரி இருந்து மறுபடி பற்றும். வெள்ளம் புகுந்து பேட்டரி நனைந்திருந்தால் தண்ணீர் வடிந்த பிறகும் சுவிட்ச் போடாதீர்கள். வீட்டு முன் மீட்டர் பெட்டியில் பேட்டரி எங்கே இருக்கிறது என்று மலாயில் எழுதி ஒட்டியிருக்கிறோம், வருகிறவர்கள் படிக்க வேண்டுமே.

இன்னொரு பேட்டரி சேர்த்தால் ஏர்கானும் ஓடுமே என்று மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். சேர்க்கலாம், ஆனால் அதே மாடல் வேண்டும். இரண்டும் ஒரே வோல்டேஜில் நிற்கும்போதுதான் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறைந்ததிலிருந்து குறைந்ததற்கு ஒரே பாய்ச்சலாகப் பாயும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபியூஸ், ஒரே நீளத்தில் கேபிள். ஏர்கானுக்காக அதையெல்லாம் செய்ய இப்போதைக்கு எனக்கு விருப்பமில்லை. அம்மா அறைக்கு இன்னொரு காற்றாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.